தோட்டப் பாடசாலையும் கற்பித்தற் கருவிகளும்: சப்பிரகமுவ குறித்த ஒரு நோக்கு

பெருந்தோட்டக் கல்வி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நுவரெலியா, பதுளை மாவட்டங்களையே மையமாகக் கொள்கின்றன. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை. இங்குத் தேயிலையோடு இறப்பரும் பயிராகின்றது. இறக்குவானை, பலாங்கொடை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை முதலிய பகுதிகளில் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. இச்சிதறலினால் தமிழ்ப் பாடசாலைகள் பலவும் சிறியனவாகவே அமைந்தன. இத்தகைய பாடசாலைக்கு எக்கற்பித்தல் முறை ஏற்றது, அதிற் புதிய கருவிகளுக்குரிய இடம் யாது என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குவதைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கிற்று. அதன் பயனாக எழுந்தவை பெரும்பாலும் ஒரே மண்டபமும் ஓர் ஆசிரியரும் கொண்ட பாடசாலைகளே. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் இவற்றின் நிலை பெரிதும் மாறவில்லை. 1970களிலேயே இவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. கட்டடங்களும் நியமனங்களும் பின்னர்ப் பெருகின. எனினும், ஒருவரே இரண்டு மூன்று வகுப்புகளை ஒருசேர நடத்தும் நிலை சிறிய பாடசாலைகளிலிருந்து நீங்கிவிடவில்லை.

இந்நிலையைக் குறையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குக் கற்பிப்பது வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய அந்திரு பெல், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்துப் பார்த்து, அதுபற்றி 1797இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. அண்மைக்காலத்தில், ஆந்திரத்து ரிஷிவேலியின் அனுபவத்தைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பெற்றது. பாடங்கள் சிறு அட்டைகளாகப் பகுக்கப்பட்டன. பிள்ளை தன் வேகத்திற்கேற்ப ஒவ்வொரு படியாக ஏறும்; ஒரு குழு தானே பயில, மற்றொரு குழுவோடு ஆசிரியர் அமர்வார். பல வகுப்புகள் கலந்த மண்டபத்திற்கு இம்முறை இயல்பாகவே பொருந்துவதாகும்.

கருவிகளின் பயனையும் இவ்வடிப்படையிலேயே மதிப்பிடல் வேண்டும். 2020 மார்ச்சில் கொள்ளைநோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' இணையத்தளமும், தொலைக்காட்சிப் பாடங்களும், கைத்தொலைபேசிவழி அனுப்பப்பட்ட பயிற்சிகளும் வகுப்பறைக்கு மாற்றாயின. மலைச்சரிவு லயங்களில் அலைவரிசை எட்டாத இடங்கள் பல. இறப்பர்ப் பால்வெட்டோ, பால் நன்கு வடியும் விடியற்பொழுதிலேயே தொடங்குவது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், வீட்டிலிருந்த ஒரே தொலைபேசியும் அவர்களோடு சென்றுவிடின் பிள்ளைக்குப் பாடம் ஏது? கருவி ஆசிரியரின் இடத்தைப் பெற முயன்றமையே அங்கு நேர்ந்த தவறு என்பது எமது கருத்து.

ஆசிரியருக்குத் துணையாக அமையுமிடத்து அக்கருவியே பெரும்பயன் தரும். இணையம் கிடைக்கும் இடத்தில் முன்னரே பதிவிறக்கி வைத்த பாடங்களை ஒரு குழு கணினியிற் காண, அவ்வேளையில் ஆசிரியர் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைகளோடு இருக்கலாம். பாடம் முடிந்ததும் மூத்த மாணவர் வினாக்களை எழுப்பி இளையோரைப் பேசச் செய்யலாம். இதற்கு ஒரு கணினியும், நல்ல தமிழ்ப் பாடங்களும், இம்முறையிற் பயிற்சி பெற்ற ஆசிரியருமே தேவை.

இதில் மொழிப் பிரச்சினையும் அடங்கியுள்ளது. தொடக்க வகுப்புகளோடு முடிவுறும் பாடசாலையை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு முன்னுள்ள வழிகள் மூன்று: தொலைவிலுள்ள தமிழ்ப் பாடசாலை, அண்மையிலுள்ள சிங்களப் பாடசாலை, அன்றேல் படிப்பை நிறுத்திவிடுதல். கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் தமிழிற் கற்பிக்கும் ஆசிரியர் அரிதாயின் முதல் வழி மேலும் ஒடுங்கும். அப்பாடங்களைப் பதிவுகள் ஓரளவு ஈடுசெய்யும். ஆய்வுகூடத்தையும் ஆசிரியரையும் அவை ஈடுசெய்யா. ஆகவே, சப்பிரகமுவப் பாடசாலைகளுக்குக் கணினி வழங்குவோர், அதை இயக்கிப் பாடம் நடத்தவல்ல ஆசிரியரையும் உடன் வழங்குதல் இன்றியமையாததாகும்.