உறக்கத்திலும் விழித்திருக்கும் காவலன்

அடுப்பில்லாத இல்லமில்லை, விளக்கேற்றாத மாலையுமில்லை. தீயோடு பழகி வாழும் நாம் அதன் சுடரைக் கண்டே அஞ்சுகிறோம். ஆனால் தீ விபத்துக்களில் பலருடைய உயிரைக் கவர்வது சுடரன்று. புகையும், அதனுள் மறைந்துள்ள நச்சுக்காற்றுமே ஆகும்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. 2022 மார்ச் 8 ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், நம் மாவட்டத்து வர்க்கலையை அடுத்த ஒரு வீட்டில் தீப்பற்றியது. கைக்குழந்தை உட்பட ஐவர் மாண்டனர். புகையைச் சுவாசித்ததே அவர்தம் மரணத்திற்குக் காரணம் என்று கூறப்பட்டது. அதற்கு முன்னர், 2020 ஜனவரியில், நேபாளத்தின் தாமன் என்னும் குளிர்ந்த மலையூருக்குச் சென்ற திருவனந்தபுரம், கோழிக்கோடு குடும்பத்தினர் எண்மர், விடுதியின் ஒரே அறையில் எரிவாயுக் கணப்பை ஏற்றிவிட்டு உறங்கினர். பொழுது விடிந்தபோது ஒருவரும் எழவில்லை. அவர்களுள் நால்வர் சிறார். அங்கே எதுவும் தீப்பற்றவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறு உயிர் பறிக்கும் வாயுவின் பெயர் கார்பன் மோனாக்சைடு. நாம் வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயு வேறு, இது வேறு. காற்றுப் போதாத இடத்தில் எரியும் கரி, எரிவாயு, பெட்ரோல் முதலியவற்றிலிருந்து இது தோன்றும். நிறமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தை, அதனினும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இது பிடித்துக்கொள்ளும். தலைவலியும் மயக்கமும் வந்தாலும், பித்தமென்றோ அலுப்பென்றோ கருதிப் படுத்துவிடுவோம். உறங்குவோரைப் புகையின் மணமும் எழுப்புவது அரிது. ஓசையே எழுப்பவல்லது.

ஆகவேதான் எச்சரிக்கைக் கருவி வேண்டும் என்கிறோம். ரயிலின் குளிர்சாதனப் பெட்டிகளில் புகையறியும் கருவி உண்டு. ஓரிரவுப் பயணத்திற்குள்ள அக்காவல், ஆண்டு முழுவதும் உறங்கும் இல்லத்திற்கு வேண்டாவா?

புகை எச்சரிப்பானைக் கூடத்திலும் படுக்கையறைகளிலும், கூரையின் நடுவே, சுவரிலிருந்து ஓரடியேனும் தள்ளிப் பொருத்துக. சமையலறையிலும் பூசையறையிலும் வேண்டா. தாளிப்பும் சாம்பிராணியும் அதை ஓயாது அலற வைக்கும். சலிப்புற்று மின்கலத்தைக் கழற்றிவிட்டால் காவல் போயிற்று.

கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் தனிக் கருவி. இவ்வாயு காற்றோடு கலந்து பரவுவதாகலின், படுக்கையறையில் அதனைத் தலையணை மட்டத்தில் வைக்கலாம். குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவி உள்ள வீட்டிலும், மின்தடைக்கு ஜெனரேட்டர் ஓட்டும் வீட்டிலும் இது இன்றியமையாதது. ஜெனரேட்டரை வீட்டினுள்ளோ மூடிய முகப்பிலோ ஒருபோதும் இயக்கலாகாது. சமையல் எரிவாயுக் கசிவை இவ்விரண்டும் அறியா. அதற்குரிய கருவி வேறு. அவ்வாயு காற்றினும் கனமானதாகலின், அக்கருவியைத் தரைக்கு அருகில் பொருத்துதல் வேண்டும்.

வாங்கும்போது, புகைக்கு ஈஎன் 14604, கார்பன் மோனாக்சைடுக்கு ஈஎன் 50291 என்னும் தர எண்கள் உள்ளனவா எனப் பார்த்தல் நன்று. வாடகை வீட்டில் குடியிருப்போர் தயங்க வேண்டா. மின்கலத்தால் இயங்குவதற்கு இரண்டு திருகாணிகளே போதும். வீடு மாறும்போது உடன் எடுத்துச் செல்லலாம். மாதந்தோறும் சம்பள நாளன்று சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க. புகைக் கருவியைப் பத்தாண்டிலும், மற்றதை அதன்மேல் குறித்த காலம் முடிந்ததும் மாற்றுக.

கருவி ஒலித்தால் காரணம் ஆராய்ந்து நிற்கலாகாது. புகையாயின் குனிந்து, கதவுகளைச் சாத்திக்கொண்டே வெளியேறுக. நச்சுவாயுவாயின் கைக்கெட்டிய சன்னலைத் திறந்து உடனே வெளியேறுக. வெளியே தலைகளை எண்ணுக. 101 அல்லது 112 எண்ணை அழைக்க. பொருளுக்காக மீண்டும் உட்புகாதீர்.

நகைக்கு இரும்புப் பெட்டியும் வாயிலுக்கு இரட்டைப் பூட்டும் வைத்துக் காக்கின்றோம். உள்ளே உறங்கும் மழலைக்கும் முதியோர்க்கும் ஒரு காவல் வைத்தல் நம் கடமையன்றோ? வரும் மாதச் சம்பளத்திலேயே அதற்கு ஒரு பங்கு ஒதுக்குவோமாக.