தலைவருக்குப் படிப்பா, ஊருக்குக் கணக்கா?

தேர்தல் சமயம் வந்துவிட்டால் டீக்கடை பெஞ்சிலும் உரக்கடை வாசலிலும் ஒரு தர்க்கம் தவறாமல் நடக்கும். "பியூன் வேலைக்கே எட்டாவது பாஸ் கேட்கிறார்கள். கோடிக் கணக்கில் செலவு செய்கிற மந்திரிக்குப் படிப்பு வேண்டாமா?" என்பார் ஒருவர். "காமராஜர் எந்தக் காலேஜில் படித்தார்? அவர் காலத்தில் அணை கட்டவில்லையா, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போடவில்லையா?" என்பார் அடுத்தவர். பஸ் வந்ததும் இருவரும் எழுந்து போவார்கள். தர்க்கம் அப்படியே நிற்கும்.

இந்தத் தர்க்கத்தைப் பேச்சோடு விடாமல் சட்டமாகவே போட்டுப் பார்த்த மாநிலங்கள் உண்டு. ராஜஸ்தானும் ஹரியானாவும் அவற்றில் அடங்கும். அங்கே நடந்ததைச் சிறு விவசாயிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், ஹரியானா போட்ட நிபந்தனைகளில் கூட்டுறவுக் கடன் பாக்கியும் ஒன்று.

ராஜஸ்தானில் 2014 டிசம்பரில், பஞ்சாயத்துத் தேர்தல் வாசற்படிக்கு வந்துவிட்ட நேரத்தில், அவசரச் சட்டம் பிறந்தது. ஊராட்சித் தலைவராக நிற்பவர் எட்டாவது படித்திருக்க வேண்டும்; பழங்குடிப் பகுதியானால் ஐந்தாவது. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் நிற்பவர் பத்தாவது தேறியிருக்க வேண்டும். ஹரியானா 2015-இல் பத்தாவது என்று வைத்தது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் சிறிது சலுகை உண்டு. அத்தோடு நிற்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் நிலுவை இருக்கக் கூடாது, கரண்ட் பில் பாக்கி இருக்கக் கூடாது, வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும் என்றது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2015 டிசம்பர் 10-ஆம் தேதி, ஹரியானா சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. படிப்பு நிபந்தனையால் 20 வயதுக்கு மேற்பட்ட கிராமத்தாரில் 100-க்கு 57 பேருக்குத்தான் போட்டியிடும் தகுதி மிஞ்சும் என்ற கணக்கும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. தேர்தல் என்றாலே செலவுதான், கடனில் மூழ்கியவர் அதில் நிற்க ஆசைப்படப் போவதில்லை என்ற கருத்தும் அதில் உண்டு. மழை பொய்த்த வருஷம் பயிர்க்கடன் தவணை தவறியவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. எம்.எல்.ஏ., எம்.பி. ஆவதற்கு இன்ன படிப்பு வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

படிப்பு வேண்டும் என்பவர்கள் சொல்லும் நியாயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 1993-இல் புதிய பஞ்சாயத்து முறை நடைமுறைக்கு வந்த பிறகு ஊராட்சிகளுக்குப் பணம் நிறைய வருகிறது. படிக்கத் தெரியாத தலைவர் செயலர் நீட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, பிறகு பணம் காணவில்லை என்ற குற்றத்துக்குத் தாம் ஆளாகிறார். இது நடக்காத கதை அல்ல. ஆனால் அந்த மஸ்டர் ரோலையும் பில்லையும் எழுதிய கை யாருடையது? எழுதப் படிக்கத் தெரிந்தவருடையதுதானே!

கூட்டத்தில் படித்த கணக்கு

இதற்கான சாட்சி அதே ராஜஸ்தானில், அவசரச் சட்டத்துக்கு 20 ஆண்டு முன்பே கிடைத்திருக்கிறது. பஞ்ச நிவாரண வேலைக்குப் போன கிராமத்து ஜனங்களுக்கு சர்க்கார் நிர்ணயித்த கூலி கைக்கு வரவில்லை. கேட்டால், "நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான், பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்ற பதில் வந்தது. "அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள்" என்றால், அது அரசாங்க ரகசியம் என்றார்கள்.

மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் சங்கம் அங்கே 1990 மே தினத்தில் தொடங்கியது. அந்தச் சங்கத்தார் 1994 டிசம்பர் 2-ஆம் தேதி பாலி மாவட்டத்துக் கோட்கிரானா கிராமத்தில் ஊரைக் கூட்டி, கிடைத்த கணக்குகளை உரக்கப் படித்தார்கள். இன்ன வேலைக்கு இன்னார் இத்தனை நாள் வந்தார், இத்தனை ரூபாய் வாங்கினார் என்று பெயர் பெயராகப் படிக்கப் படிக்க, கூட்டத்தில் இருந்தவர்கள் எழுந்து மறுத்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி. செத்துப் போனவர் பெயரில் கூலி. நடக்காத வேலைக்கு பில். 1995 ஏப்ரலுக்குள் மேலும் நான்கு இடங்களில் இதே மாதிரி விசாரணை நடந்தது; எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே கதைதான்.

எழுந்து சொன்னவர்களில் பலர் பள்ளிக்கூட வாசலை மிதியாதவர்கள். தன் தெருவில் யார் உயிரோடு இருக்கிறார், எந்தக் குளம் தூர் வாரப்பட்டது என்று தெரிய எட்டாவது பாஸ் தேவைப்படவில்லை. கணக்கை யாராவது வாய்விட்டுப் படித்தால் போதும் என்றிருந்தது. பிந்திய விசாரணைகளில் சில ஊராட்சித் தலைவர்கள் எடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டியதும் உண்டு.

"எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்களுடைய கோஷம். 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். 2000-இல் ராஜஸ்தானும், 2005-இல் பாரதம் முழுவதற்கும் பார்லிமெண்டும் தகவல் உரிமைச் சட்டம் செய்தன. படிப்பு நிபந்தனையையோ ராஜஸ்தான் சட்டசபை 2019-இல் நீக்கிவிட்டது.

நம் ஊரில்

தமிழ்நாட்டு ஊராட்சிச் சட்டம் படிப்பை நிபந்தனையாக வைக்கவில்லை. 21 வயதும் வாக்காளர் பட்டியலில் பெயரும் இருந்தால் வேட்பாளராகலாம். வரவு செலவைக் கேட்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் அது கூடுகிறது. தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் முன்பு செலவுக் கணக்கை உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். மொத்தத் தொகையைக் கேட்டு ஒன்றும் ஆகாது. எந்த வாய்க்கால், எத்தனை மீட்டர், எத்தனை மூட்டை சிமெண்ட், யார் யாருக்கு எத்தனை நாள் கூலி என்று பிரித்துக் கேட்டால்தான் பிடி கிடைக்கும்.

அங்கே பதில் வராவிட்டால், பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தமிழிலேயே மனு எழுதலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது. காகித நகல் மட்டும் அல்ல, வேலை நடந்த இடத்தைப் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியை எடுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் போதும்; அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது அந்த அலுவலரின் கடமை என்று சட்டத்தின் ஆறாவது பிரிவு சொல்கிறது.