தள்ளுவண்டிக்கு வந்த பத்தாயிரம்

கொரோனா ஊரடங்கில் கைமுதலை இழந்த சிறு வியாபாரிகளுக்கு அரசின் உதவி மூன்று வடிவங்களில் வந்தது: மானியம், தள்ளுபடி, கடன். மானியத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. தள்ளுபடி என்பது ஏற்கெனவே உள்ள பாக்கியை விட்டுக்கொடுப்பது. கடன் தவணையில் கட்டித் தீர்க்க வேண்டியது. தமிழ்நாட்டின் தள்ளுவண்டிக்காரருக்கும் தரைக்கடைக்காரருக்கும் தொழிலுக்கென்று கிடைத்தது பெரும்பாலும் கடன்தான். அந்தக் கடனை வங்கி கொடுத்தது. வட்டியில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்றது. இன்னார் வியாபாரி என்று சான்று தரும் வேலை நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் வந்தது.

இந்த ஏற்பாடு எப்படி இயங்கியது, யாரை எட்டியது, யாரை விட்டது என்பதைப் பார்க்கக் கள்ளக்குறிச்சி பொருத்தமான இடம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகி நான்கு மாதம் நிரம்பும் முன்பே ஊரடங்கு வந்துவிட்டது. இன்று இம்மாவட்டத்தில் கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை என மூன்று நகராட்சிகளும், சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம், வடக்கனந்தல், மணலூர்பேட்டை என ஐந்து பேரூராட்சிகளும் உள்ளன. மற்றதெல்லாம் கிராம ஊராட்சிகள். மேற்கே கல்வராயன் மலை முழுவதும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. உதவி கிடைத்ததிலும் கிடைக்காததிலும் இந்த எல்லைக்கோட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

கைமுதல் கரைந்த விதம்

காய்கறிக் கடைக்காரர் விடியலில் மண்டியில் கடனுக்குச் சரக்கெடுக்கிறார். இரவுக்குள் விற்றுப் பாதிக் கடனை அடைக்கிறார். மறுநாள் மீண்டும் சரக்கு. இந்தச் சுழற்சியில் கையில் நிற்கும் சில ஆயிரம் ரூபாய்தான் அவருடைய மொத்த முதலீடு. 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் தடையுத்தரவு அமலாகி, அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியதும் சுழற்சி நின்றது. மே 5 அன்று சென்னை கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. வாரச் சந்தைகள் கூடவில்லை. முதலாக இருந்த பணம் வீட்டுச் சோற்றுக்குச் செலவானது. 2021 மே மாதம் இரண்டாம் அலையில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தபோது, முதல் அடியிலிருந்து எழுந்தவர்களும் சரிந்தனர்.

கடையை மறுபடி திறக்கப் பணம் தேடுபவருக்குப் பழகிய வழி தண்டல். பத்தாயிரம் கேட்டால் ஆயிரம் ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் தருவார்கள். நாளுக்கு நூறு வீதம் நூறு நாளில் பத்தாயிரம் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசல் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வருவதால், நூறு நாளில் சராசரியாகக் கையில் இருப்பது நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவுதான். அப்படிக் கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்கு எண்பது விழுக்காட்டைத் தொடும். அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கேட்ட நேரத்தில் காகிதம் கேட்காமல் பணம் தருபவர் தண்டல்காரர் ஒருவரே என்பதால் அந்தத் தொழில் நிற்கவில்லை.

பத்தாயிரம் ரூபாய்த் திட்டம்

தண்டலுக்கு மாற்றாக 2020 ஜூன் 1 அன்று தொடங்கப்பட்டது பிரதமரின் ஸ்வநிதி திட்டம். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இத்திட்டத்தில், 2020 மார்ச் 24 வரை வியாபாரம் செய்துவந்த சாலையோர வியாபாரிகளுக்குப் பிணை ஏதுமின்றி முதலில் பத்தாயிரம் ரூபாய் கடன் கிடைத்தது. பன்னிரண்டு மாதத் தவணையில் ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது இருபதாயிரம், அதையும் முடித்தால் ஐம்பதாயிரம் வரை. தவணை தவறாதவருக்கு ஏழு விழுக்காடு வட்டி மானியம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் கணக்கிலேயே வரவு வைக்கப்படும். க்யூஆர் அட்டை வழியாகப் பணம் வாங்கினால் மாதம் நூறு ரூபாய் வரை, ஆண்டுக்கு 1,200 ரூபாய் வரை ஊக்கத்தொகையும் அப்போது இருந்தது.

பன்னிரண்டு விழுக்காடு வட்டியில் பத்தாயிரம் வாங்கி மாதத்தவணையில் கட்டினால் ஓராண்டுக்கு வட்டி ஏறத்தாழ 660 ரூபாய். அதில் 385 ரூபாய் மானியமாகத் திரும்பி வரும். மிச்சம் 275 ரூபாய். தண்டலில் நூறு நாளுக்கு ஆயிரம் ரூபாய் போகும் இடத்தில், இங்கே ஒரு வருடத்துக்கு முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அந்த 385 ரூபாயும் ஊக்கத்தொகையும்தான் இத்திட்டத்தில் உண்மையான மானியம்.

நகராட்சியின் கையில் இருந்தது

வியாபாரி என்பதற்குச் சான்று என்ன என்பதே இத்திட்டத்தில் முதல் கேள்வியாக எழுந்தது. சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014ல் வந்தது. அதன்படி ஒவ்வொரு நகர உள்ளாட்சியும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுத்து, விற்பனைச் சான்றும் அடையாள அட்டையும் தர வேண்டும். ஆணையர் தலைமையில் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். அதன் உறுப்பினர்களில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்று தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது.

கணக்கெடுப்பு ஒழுங்காக நடந்த ஊர்களில் வேலை எளிதாக முடிந்தது: அட்டை இருந்தது, வங்கிக்குப் போனார்கள். பட்டியலில் விடுபட்டவர்களுக்காகப் பரிந்துரைக் கடிதம் என்ற வழி திறக்கப்பட்டது. வியாபாரி சங்க உறுப்பினர் அட்டையோ தொழிலுக்காக முன்பு வாங்கிய கடனுக்கான ஆவணமோ காட்டலாம். எதுவும் இல்லையென்றால் வெள்ளைத் தாளில் விண்ணப்பம் எழுதித் தரலாம். உள்ளாட்சி நேரில் விசாரித்துப் பதினைந்து நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சுற்றுக் கிராமங்களிலிருந்து நகர எல்லைக்குள் வந்து விற்பவர்களுக்கும் இந்தக் கடிதம் பொருந்தும். கல்வராயன் மலையிலிருந்து புளியும் தேனும் கடுக்காயும் கொண்டுவந்து கள்ளக்குறிச்சியில் தரையில் விரித்து விற்பவரும் விதிப்படி கடனுக்குத் தகுதி உள்ளவர்.

அதே ஆள் அதே சரக்கை மலைமேல் வெள்ளிமலையில் விற்றால் தகுதி போய்விடும். அது கிராம ஊராட்சி. திட்டமோ நகரங்களுக்கு மட்டும்.

நகராட்சியே நேரடியாக விட்டுக்கொடுத்தது ஒன்று உண்டு. உள்ளாட்சிகளுக்குச் சொந்தமான கடைகளுக்கு 2020 ஏப்ரல், மே ஆகிய இரு மாத வாடகையை மாநில அரசு தள்ளுபடி செய்தது. ஆனால் நகராட்சிக் கட்டடத்தில் கடை எடுத்தவருக்குத்தான் அதனால் பயன். அதைத் தாண்டிச் சொந்தமாக மானியம் கொடுக்கும் வசதி உள்ளாட்சிகளிடம் இல்லை. அவற்றின் வரி வசூலும் அந்த மாதங்களில் படுத்துவிட்டது; நிதி ஆணையம் தரும் மானியத்தில் பெரும் பகுதி குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று முன்பே ஒதுக்கப்பட்டது.

மலையிலும் கிராமத்திலும்

கிராமங்களுக்கு வேறு வாசல் இருந்தது. உலக வங்கி உதவியுடன் 120 வட்டாரங்களின் 3,994 ஊராட்சிகளில் நடந்துவந்த தமிழ்நாடு ஊரகப் புத்தாக்கத் திட்டத்தின் வழியாக 2020ல் 300 கோடி ரூபாய் கோவிட் சிறப்பு நிதியுதவி அறிவிக்கப்பட்டது. ஊரகத் தொழில்கள் ஏறத்தாழ 1.39 லட்சம் பயன்பெறும் என்பது அப்போதைய கணக்கு. தனிநபர் தொழில்கள், வெளியூரிலிருந்து வேலையிழந்து திரும்பிய இளைஞர்கள், உற்பத்தியாளர் குழுக்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இது வகுக்கப்பட்டது. பிறகு ‘வாழ்ந்து காட்டுவோம்’ என்று பெயர் மாறிய இத்திட்டத்தில், வங்கிக் கடனில் முப்பது விழுக்காட்டை மானியமாக ஏற்கும் இணை மானிய முறையும் வந்தது.

மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கிடைத்தது தள்ளுபடி. கூட்டுறவு நிறுவனங்களில் அவர்கள் வாங்கி 2021 மார்ச் 31 வரை நிலுவையில் இருந்த சுமார் 2,756 கோடி ரூபாயைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது. ஆடு, மாடு, இட்லிக் கடை, தையல் எனக் குழுக்கடனில் தொழில் செய்த பெண்களுக்கு இது பெரிய மூச்சு. பழைய பாக்கி நீங்கியதால்தான் புதுக் கடன் கேட்க முடிந்தது.

கடை இல்லாதவர்

இந்தத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு: தொழில் என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும். கள்ளக்குறிச்சி நகராட்சிக்கு உட்பட்ட கருணாபுரம், 2024 ஜூனில் விஷச் சாராயச் சாவுகளால் நாடறிந்த பகுதி. சுமை தூக்குவது, வெள்ளையடிப்பது போன்ற கூலி வேலையை நம்பிய குடும்பங்கள் அங்கே அதிகம். கடை இல்லை, வண்டி இல்லை. வியாபாரிக் கடனுக்கு அவர்கள் தகுதி பெற மாட்டார்கள். அவர்களைப் போன்ற கூலித் தொழிலாளர்களுக்கு வந்த உதவி குடும்ப அட்டை வழியே வந்தது: 2020 ஏப்ரலில் ஆயிரம் ரூபாய், 2021 மே, ஜூன் மாதங்களில் இரு தவணையாக நாலாயிரம் ரூபாய். மாநிலம் முழுவதும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அரிசி அட்டைகளுக்குப் போன அந்தப் பணம் நிபந்தனையில்லாத மானியம். கூலிக்காரரும் வியாபாரியும் ஒன்றாக வரிசையில் நின்று வாங்கினார்கள். குடும்ப அட்டைப் பட்டியல் ஏற்கெனவே தயாராக இருந்ததால் சில வாரங்களிலேயே அது போய்ச் சேர்ந்தது.

இங்கிலாந்தில் நடந்ததும் இதுவே

உள்ளாட்சியே நேரடி மானியம் கொடுத்த நாடுகளும் உண்டு. இங்கிலாந்தில் 2020 மார்ச்சில் அறிவித்தபடி, சிறு கடைகளுக்குப் பத்தாயிரம் பவுண்டும், சில்லறைக் கடை, உணவகம் போன்றவற்றுக்கு இருபத்தைந்தாயிரம் பவுண்டு வரையும் உள்ளூர் மன்றங்கள் வழங்கின. பணம் மத்திய அரசுடையது. ஆனால் கடைகளுக்கான வரிப் பேரேடு மன்றங்களிடம் இருந்ததால், யாருக்கு அனுப்புவது என்ற கேள்வி எழவில்லை. அந்தப் பேரேட்டில் தம் பெயரில் வரி கட்டாத சந்தைக் கடைக்காரர்கள் முதல் சுற்றில் விடுபட்டுப் போனார்கள். மே மாதம் மன்றங்களின் விருப்புரிமைக்கு விட்டுத் தனி நிதி ஒதுக்கிய பிறகே அவர்களுக்கு வழி பிறந்தது. பணக்கார நாட்டிலும் ஏட்டில் இருந்தவருக்கு முதலில், இல்லாதவருக்குப் பிறகு என்றுதான் உதவி போய்ச் சேர்ந்தது.

இன்றைய நிலை

ஸ்வநிதி திட்டத்தில் 2025 ஜூலை இறுதி வரை நாடு முழுவதும் 68 லட்சத்துக்கும் மேற்பட்ட வியாபாரிகளுக்கு 96 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்கள், மொத்தம் 13,797 கோடி ரூபாய் வழங்கப்பட்டது. ஆட்களைவிடக் கடன்கள் 28 லட்சம் கூடுதல் என்பதால், கணிசமானோர் முதல் கடனை அடைத்து அடுத்ததை வாங்கியிருக்கிறார்கள் என்பது தெரிகிறது. 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை திட்டத்தை மாற்றியமைத்தது. முதல் கடன் பதினைந்தாயிரம், இரண்டாவது இருபத்தைந்தாயிரம், மூன்றாவது ஐம்பதாயிரம் ஆனது. நகரத்தை ஒட்டிய பகுதிகளுக்கும் படிப்படியாக விரிவாக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. கடன் வழங்கும் காலம் 2030 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது.

பெருந்தொற்றுக்காக வந்த திட்டம் இப்போது நிரந்தரக் கடன் வசதிபோல ஆகிவிட்டது. அடுத்த இடர் வெள்ளமோ புயலோ நோயோ எதுவாக இருந்தாலும், அன்றைக்கும் முதலில் புரட்டப்படுவது நகராட்சியின் வியாபாரிகள் பட்டியல்தான். தள்ளுவண்டியோ தரைக்கடையோ வைத்திருப்பவர், அட்டை இல்லையென்றால் இப்போதே நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அது சட்டம் தந்த உரிமை. கடனுக்கான பரிந்துரைக் கடிதம் கேட்க வெள்ளைத் தாளில் எழுதிய விண்ணப்பம் போதும்.