படம் தொகுக்க எந்த மென்பொருள்?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் ஒழுகும் லயத்துக் கூரையையும் காமன் கூத்தையும் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கும் இளைஞர், யுவதிகள் பலர். பிடித்த படத்தை வெட்டி ஒட்டித் தொகுக்க எந்த மென்பொருள் சிறந்தது என்று கேட்கிறார்கள். தங்கள் கணனி எதைத் தாங்கும் என்பதையே அவர்கள் முதலில் பார்க்க வேண்டும்.

அடோபி பிரீமியருக்கு 2024இல் மாதக் கட்டணம் ஏறக்குறைய 23 டொலர். அவ்வாண்டு செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் இது ஐந்து நாட் கூலி! பூட்டுடைத்த திருட்டுப் பிரதியோடு வைரசும் வரலாம். டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு நேர்த்தியானது. ஆனால் 16 ஜிபி நினைவகமும் நல்ல வரைகலை அட்டையும் இல்லாவிட்டால் திணறும்.

பழைய மடிக்கணனிக்கு ஷொட்கட், கேடன்லைவ் ஆகியவையே ஏற்றவை. இரண்டும் முற்றிலும் இலவசம். பெரிய படக்கோப்புக்குப் பதிலாகச் சிறிய நகலை வைத்துத் தொகுக்கும் ‘புரொக்சி’ வசதி இரண்டிலும் உண்டு. முடிவில் மூலப்படத்திலிருந்தே முழுத் தரத்தில் படம் வெளிவரும். ஒருவர் தரவிறக்கியதைப் பென்டிரைவில் அடுத்த தோட்டத்துக்கும் கொடுக்கலாம். சட்டம் தடுக்காது.

கைத்தொலைபேசி மட்டும் உள்ளவர்கள் கெப்கட்டை நாடுவர். அதில் இலவசமாயிருந்த வசதிகள் பல கட்டணத்துக்கு மாறிவிட்டன. 2025 ஜூனில் புதுப்பித்த நிபந்தனைகளோ, ஏற்றும் படங்களைப் பயன்படுத்த அந்நிறுவனத்துக்கு விரிந்த உரிமை தருகின்றன. லயத்துப் பிள்ளைகளின் முகம் தெரியும் படமென்றால் ஏற்றுமுன் அவற்றை வாசித்துவிடுங்கள்.