எட்டா, ஒன்பதா: புயல் கூண்டைப் படிப்பது எப்படி?

புயல் எச்சரிக்கைக் கூண்டுகளில் மிகப் பெரிய எண் 11. பத்தாம் எண்ணுக்கே ஊர் நடுங்கும் என்றால் பதினொன்றுக்கு என்ன ஆகுமோ என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த எண் புயலின் பலத்தைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது. நிலைமை மோசமாகும் போலிருக்கிறது என்று துறைமுக அதிகாரி கருதுகிறார். அதன் பொருள் இவ்வளவுதான். தந்திக் கம்பியை மட்டுமே நம்பியிருந்த காலத்தில் இப்படி ஓர் எண் அவசியம் தேவைப்பட்டது. புயல் வரும்போது முதலில் சாய்வது கம்பங்கள்தானே!

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் செய்தியில் அடிக்கடி அடிபடும் சொல் ‘கூண்டு’. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், பாம்பன், தூத்துக்குடி எனத் துறைமுகங்களின் பெயர்களை வரிசையாகப் படித்து, எங்கே எத்தனையாம் எண் ஏற்றப்பட்டிருக்கிறது என்று சொல்வார்கள். கேட்பவர்கள் அதைப் பரீட்சை மார்க் போல எடுத்துக்கொள்கிறார்கள். எண் கூடினால் ஆபத்தும் கூடும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பாதிதான் சரி.

கூண்டு என்பது துறைமுகத்தின் உயரமான கம்பத்தில் கயிற்றால் இழுத்து ஏற்றப்படும் வடிவங்கள். கூம்பு, உருளை ஆகிய இரண்டையும் தனியாகவோ சேர்த்தோ, கூம்பை நிமிர்த்தியோ கவிழ்த்தோ தொங்கவிட்டால் ஒவ்வோர் அமைப்பும் ஓர் எண்ணைக் குறிக்கும். இரவில் அதே வேலையைச் சிவப்பு, வெள்ளை விளக்குகள் செய்யும். கொடி ஏற்றினால் போதாதா? காற்று இல்லாதபோது கொடி துவண்டு தொங்கும். பலத்த காற்றில் கிழியும். கூம்பை எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் முக்கோணமாகவே தெரியும். உருளை எந்தத் திசையிலும் சதுரம்தான். தூரத்தில் நங்கூரமிட்டிருக்கும் கப்பலின் தலைவன் தொலைநோக்கியில் ஒருமுறை பார்த்தாலே செய்தி புரிந்துவிடும்.

இந்த யோசனை பிரிட்டனிலிருந்து வந்தது. 1859 அக்டோபரில் வேல்ஸ் கரையோரம் ‘ராயல் சார்ட்டர்’ என்ற கப்பல் புயலில் உடைந்து, 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டார்வினை ஏற்றிச்சென்ற ‘பீகிள்’ கப்பலின் தலைவராக இருந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய் அப்போது அந்நாட்டு வானிலைத் துறையை நடத்திக்கொண்டிருந்தார். தந்தி வழியே வரும் காற்றழுத்த அளவுகளை வைத்து, 1861 முதல் துறைமுகங்களில் கூம்பும் உருளையும் ஏற்றச் செய்தார் அவர். கூம்பின் முனை மேல்நோக்கி இருந்தால் வடக்கிலிருந்து சூறைக்காற்று; கீழ்நோக்கி இருந்தால் தெற்கிலிருந்து.

இந்தியாவுக்கும் பேரழிவுதான் பாடம் புகட்டியது. 1864 அக்டோபர் 5-ஆம் தேதி கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஹூக்ளி ஆற்றுக்குள் கடல் ஏறிப் பல்லாயிரம் பேரைக் கொன்றது. துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பெரும்பாலானவை சேதமடைந்தன. அடுத்த ஆண்டே கல்கத்தாவில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. 1886-க்குள் அது இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் விரிந்தது. ஆனாலும் துறைமுகத்துக்குத் துறைமுகம் அடையாளங்கள் வேறுபட்டன. 1898 ஏப்ரல் 1 முதல்தான் எல்லா இடங்களிலும் ஒரே முறை வந்தது. அதன் அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

முதல் இரண்டு எண்களும் துறைமுகத்தைப் பற்றியவையே அல்ல. ஒன்று என்றால் தொலைவில், கடலில், புயலாக மாறக்கூடிய ஒரு சின்னம் இருக்கிறது. இரண்டு என்றால் அங்கே புயலே உருவாகிவிட்டது. துறைமுகத்துக்கு உடனடி ஆபத்து இல்லை. வெளியே கிளம்பும் கப்பல் வழியில் அதைச் சந்திக்க நேரலாம். மூன்றும் நான்கும் உள்ளூர் எச்சரிக்கைகள். மூன்றாம் எண் ஏறினால் துறைமுகத்தில் திடீர்க் காற்றோடு மழை வரலாம். நான்காம் எண் ஏறினால் புயலே வரலாம், ஆனால் உச்சகட்ட முன்னேற்பாடுகளுக்கு இன்னும் நேரம் வரவில்லை.

குழப்பம் தொடங்குவது ஐந்தில். ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் ஒரே அளவு ஆபத்தைக் குறிப்பவை. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் அப்படியே. ஆனால் இவை தீவிரப் புயலுக்கு உரியவை. அதாவது ஐந்திலிருந்து ஆறுக்கு மாறினால் ஆபத்து ஒரு படி ஏறிவிட்டது என்று பொருளில்லை. புயல் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்ற கணிப்பு மாறியிருக்கிறது. ஐந்தும் எட்டும் துறைமுகம் புயல் பாதையின் இடப்பக்கம் இருக்கும் என்பதைச் சொல்கின்றன. ஆறும் ஒன்பதும் வலப்பக்கம். ஏழும் பத்தும் ஏறினால் புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும்.

பக்கம் ஏன் இவ்வளவு முக்கியம்? நம் பக்கத்துக் கடல்களில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். வங்கக் கடலிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயலின் முதுகில் ஏறி, போகும் திசையைப் பார்த்து நிற்பதாக வைத்துக்கொண்டால், வலக்கை வடக்கே இருக்கும். அந்தப் பக்கம் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். புயல் நகரும் வேகமும் அதோடு சேர்ந்துகொள்ளும். கடல்நீரைக் கரைக்குள் தள்ளுவதும் அந்தக் காற்றுதான். இடப்பக்கமான தெற்கிலோ காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். வேகமும் சற்றுக் குறையும். ஒரு கப்பலுக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. ஒரு பக்கத்தில் நங்கூரம் இழுபட்டால் கப்பல் கரையில் மோதும். மறுபக்கத்தில் அது ஆழ்கடலுக்குத் தள்ளப்படும்.

2012 அக்டோபர் 31-ஆம் தேதி ‘நீலம்’ புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. சென்னை அதன் வலப்பக்கம். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ‘பிரதிபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பலைக் காற்று இழுத்துவந்து பெசன்ட் நகர் கடற்கரையோரம் தரைதட்ட வைத்தது. உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர் படகு கவிழ்ந்து இறந்தார்கள். கடுமையான புயல் நெருங்கும்போது சென்னைத் துறைமுகம் கப்பல்களை ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுவது இதனால்தான். கரைக்கு அருகில் நிற்பதைவிட நடுக்கடலில் அலைகளை எதிர்கொள்வது பெரிய கப்பலுக்குப் பாதுகாப்பு.

பக்கக் கணக்கு தெரிந்துவிட்டால் துறைமுகப் பட்டியலிலிருந்தே புயலின் பாதையை வரைந்துவிடலாம். கடலூரில் எட்டு, சென்னையில் ஒன்பது என்று செய்தி வந்தால் தீவிரப் புயல் இரண்டுக்கும் இடையில் கரையேறப்போகிறது. நாகையில் பத்து என்றால் அது நாகையைக் குறிவைத்து வருகிறது. எல்லாத் துறைமுகங்களிலும் இந்த முழு வரிசை கிடையாது. சிறு படகுகள் மட்டுமே வந்துபோகும் சில துறைமுகங்களில் மூன்று, நான்கு, ஏழு, பத்து, பதினொன்று ஆகிய ஐந்து மட்டும் போதும் என்று விட்டுவிட்டார்கள். அங்கே நான்குக்கு அடுத்து ஏழு ஏறுவதைப் பார்த்து மூன்று படி தாவிவிட்டதாகப் பதற வேண்டியதில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கான எச்சரிக்கை வேறு தடத்தில் வருகிறது. புயல் கரையைக் கடப்பதற்கு 72 மணி நேரத்துக்கு முன் முதற்கட்டக் குறிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் உஷார்நிலை அறிவிப்பு, 24 மணி நேரத்துக்கு முன் புயல் எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன் கரையேறிய பிறகு உள்மாவட்டங்களில் என்ன நடக்கும் என்ற முன்னறிவிப்பு என நான்கு கட்டங்களாக இந்திய வானிலை ஆய்வுத் துறை அதை வெளியிடுகிறது. எந்த மாவட்டத்தில் எவ்வளவு மழை, காற்று எத்தனை கிலோமீட்டர் வேகம், கடல் எவ்வளவு உயரம் ஏறும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கூண்டில் இருக்காது.

கூண்டின் எல்லையை ஒக்கி புயல் காட்டியது. 2017 நவம்பர் 29-ஆம் தேதி காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே கன்னியாகுமரி அருகே புயலாகிவிட்டது. நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் அதற்கு முன்பே அரபிக் கடலில் வெகுதூரம் போயிருந்தன. கரையில் எந்த எண் ஏறியது என்று அவற்றில் இருந்த மீனவர்களுக்கு எப்படித் தெரியும்? அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே செய்தி அனுப்பும் கருவிகள் பேசப்பட்டன. 2019-இல் ‘ஜெமினி’ என்ற கருவி அறிமுகமானது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரில் படகிலிருந்தும் கரைக்குச் செய்தி அனுப்பலாம். தமிழக விசைப்படகுகளில் அது பொருத்தப்பட்டுவருகிறது. மீனவர்களுக்கான தனி எச்சரிக்கை புயல் உருவாகும்வரை காத்திருப்பதில்லை. காற்றின் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டும் என்று தெரிந்தாலே வந்துவிடும். அன்று மீன்வளத் துறை கடலுக்குச் செல்வதற்கான டோக்கன் கொடுப்பதை நிறுத்தும்; கம்பத்தில் ஒன்று தொங்கினாலும் ஒன்றுமே தொங்காவிட்டாலும் விசைப்படகு கரையில்தான்.