ஒலிப்பதிவுக்குச் செல்லும் முன்

புதுச்சேரிக்குத் தென்மேற்கே, கழனிகளுக்கு நடுவே அமைந்த கரியமாணிக்கம் என் சொந்த ஊர். மார்கழி விடியலில் எங்கள் வீதிகளில் பஜனை வரும். கோஷ்டிக்கு முன்னின்று பாடியவர் என் பெரியப்பா. தம் ஆசிரியரிடம் கேள்வியாலேயே கற்ற பத்துப் பாடல்கள் அவர் நெஞ்சில் இருந்தன. அவற்றைப் பதிவு செய்து காக்க விரும்பி, சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஐவர் நகரத்திலுள்ள ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்றோம். ஆறு மணி நேரத்துக்கு வாடகை கட்டியிருந்தோம். பாட்டில் எங்களுக்குப் பழக்கம் உண்டு, பதிவில் இல்லை. அந்த அறியாமையால் நாங்கள் இழந்தது என்ன என்பதை முடிவில் சொல்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் பெரியப்பா ஒரு முறை குரல் கொடுத்துப் பார்த்தார். "என்ன தம்பி, குரல் வாயோடு நின்றுவிடுகிறதே!" என்றார். கோயில் மண்டபத்தில் நாம் பாடும் ஒலி கல்லில் மோதித் திரும்பி வந்து நம் குரலுக்குத் துணை நிற்கிறது. பதிவுக் கூடத்தின் சுவர்களோ ஒலியை விழுங்குமாறு அமைக்கப்பட்டவை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895ஆம் ஆண்டு ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை. ஒருமுறை எழுந்த ஒலி ஐந்து வினாடிக்கும் மேலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வாலஸ் சபைன் என்னும் பேராசிரியர் நாடக அரங்கின் மெத்தைகளை அங்கே அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு முழக்கம் குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் அதிலிருந்து வளர்ந்தது. ஆகவே கூடத்துக்குச் செல்லுமுன் சில நாட்கள், துணியும் மெத்தையும் நிறைந்த சிறு அறையில் பாடிப் பழகுங்கள். முழக்கத்தின் துணையின்றிச் சுருதியில் நிற்கும் பயிற்சி அதனால் கிட்டும்.

அடுத்தது ஒலிவாங்கி. முற்காலத்தில் பெரிய ஊதுகுழல் போன்ற கூம்புக்குள் உரக்கப் பாடினால்தான் இசைத்தட்டில் ஒலி பதியும். 1925ஆம் ஆண்டளவில் மின்முறைப் பதிவு வந்த பின் அந்தத் தேவை ஒழிந்தது. இன்றைய ஒலிவாங்கி மூச்சையும் கேட்கும். ஒரு சாண் தொலைவில் நின்று இயல்பான குரலில் பாடினால் போதும். நெருங்கினால் அடிக்குரல் கனக்கும். விலகினால் குரல் மெலியும். ஆகையால் தொலைவை மாற்றாதிருத்தல் வேண்டும். பகரம் போன்ற எழுத்துக்களில் வாயிலிருந்து காற்று வெடித்து வரும்; முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிக்கொண்டால் அது ஒலிவாங்கியில் மோதாது. வளையல், கைக்கடிகாரம், சரசரக்கும் பட்டு ஆகியவற்றை வெளியிலேயே விட்டுச் செல்லுங்கள். கையில் தாள் வேண்டாம். வேண்டியதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வாத்தியங்களால் எங்களுக்கு ஒரு மணி நேரம் வீணாயிற்று. வெயிலிலிருந்து குளிரூட்டிய அறைக்குள் சென்றதும் மிருதங்கத்தின் தோல் இறுகிச் சுருதி ஏறியது. தொப்பியில் அப்பிய ரவை காய்ந்தது. ஆர்மோனியத்தின் சுருதியையோ அவ்விடத்தில் மாற்ற இயலாது. எனவே பாடகரின் கட்டையை முன்னதாகவே முடிவு செய்து, அதற்கேற்ற வாத்தியங்களைக் கொண்டுசெல்ல வேண்டும். பதிவுக்கு ஒரு மணி நேரம் முன்னரே அவற்றை அறைக்குள் வைத்துவிட்டால் அறையின் குளிருக்குப் பழகிவிடும். பதிவிடும் நாளில் புதுத்தோல் போடுவதைத் தவிர்க்க வேண்டும்.

எல்லோரும் ஓரறையில் கூடிப் பாடுவதா, தனித்தனியே பதிந்து பின்னர் சேர்ப்பதா என்பதையும் வீட்டிலேயே தீர்மானித்துவிடுங்கள். கூடிப் பாடினால் ஒருவர் முகம் பார்த்து ஒருவர் வாசிக்கலாம், கற்பனைக்கு இடமுண்டு. ஆனால் ஒருவர் தவறினாலும் எல்லோரும் மீண்டும் பாட நேரும். எங்கள் ஜால்ராக்காரர் இரண்டு இடங்களில் தாளம் தவறியதால் ஒரே பாட்டை நான்கு முறை பாடினோம். தனித்தனியே பதிந்தால் தவறியவர் மட்டும் திருத்திக்கொள்ளலாம். அதற்குக் காதில் மாட்டிய ஒலிகேட்பியில் சுருதியும் காலப்பிரமாணமும் கேட்டுக்கொண்டே பாடும் பழக்கம் வேண்டும்.

இனி நேரம். 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜான் அம்மையார் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடியபோது, தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். விரிந்த ராகத்தை அந்த அளவுக்குள் சுருக்கி, முடிவில் தம் பெயரையும் சொன்னார். இன்று அந்தக் கட்டுப்பாடு இல்லை. குரலுக்கோ அன்றும் இன்றும் எல்லை உண்டு. ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் பாடிப் பாருங்கள். ஒரு நாளில் மூன்று நான்கு பாட்டுக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

பதிவின் உரிமை யாருக்கு என்பதை முதலிலேயே எழுத்தில் பெறுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவரைச் சேரும். பாடியவர்க்கும் வாசித்தவர்க்கும் உள்ள தனி உரிமை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. சுருக்கப்படாத மூலப் பதிவையும் கேட்டு வாங்கி, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

இப்போது எங்கள் கதைக்குத் திரும்புகிறேன். பத்துப் பாட்டையும் ஒரே நாளில் முடிக்க முனைந்தோம். பஜனையில் சிறந்த பாட்டைக் கடைசியில் பாடுவது எங்கள் ஊர் வழக்கம். அவ்வாறே, ஆசிரியர் தமக்கென்று தனியே சொல்லிக்கொடுத்த பாட்டைப் பெரியப்பா இறுதிக்கு நிறுத்தி வைத்தார். பதிவில் எந்தப் பாட்டை முதலில் பாடினாலும் பின்னர் விரும்பிய வரிசையில் அடுக்கலாம். முக்கியமானதைத் தெளிந்த குரலோடு முதலில் பாடிவிட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பாட்டு வந்தபோது அவருடைய சாரீரம் கம்மிப் போயிருந்தது. மிச்ச நேரத்தைக் குறித்த தாளை நான் புரட்டிய ஓசையும் அதில் பதிந்துவிட்டது. "தை பிறக்கட்டும், மறுபடி வந்து பாடுகிறேன்" என்றார் பெரியப்பா. தை பிறக்குமுன் அவர் காலமாகிவிட்டார்.

அந்தப் பாட்டை முழுதும் அறிந்தவர் இன்று எவருமில்லை. களைத்த குரலும் தாளின் சரசரப்பும் கலந்த அந்த ஒரு பதிவைக் கேட்டுத்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைக் கற்று வருகிறார்கள். உங்கள் வீட்டிலும் அத்தகைய குரல் ஒன்று இருக்கலாம். அதைப் பதியச் செல்லும் நாளில் நான் சொன்னவற்றை நினைவில் கொள்ளுங்கள்.