வீடு போனது, கதை எங்கே?

நகரம் துரத்தியவர்களைப் புனைகதை எப்படிப் பார்க்கிறது?

2013 ஜனவரி. பெங்களூர் கோரமங்கலாவை ஒட்டிய ஈஜிபுராவுக்குள் மாநகராட்சியின் புல்டோசர்கள் நுழைந்தன. நலிந்த பிரிவினருக்காகக் கட்டிய குடியிருப்புகள் ஏற்கெனவே இடிந்துபோக, தகரக் கொட்டகைகளில் காலம் தள்ளிய சுமார் 1,500 குடும்பங்கள் சட்டி பானைகளோடு தெருவுக்கு வந்தன. அந்த நிலத்தில் ஒரு பாதி வணிக வளாகத்துக்கு என்பது திட்டம்.

செய்தி சில நாளில் ஓய்ந்துவிடும். இழப்பு ஓயாது. புனைகதைக்கு வேலை வருவது அங்கேதான்.

மாதங்கி சுப்ரமணியன் 2019ல் ஆங்கிலத்தில் எழுதிய 'எ பீப்பிள்ஸ் ஹிஸ்டரி ஆஃப் ஹெவன்' நாவலின் களம் இதே நகரம். சேரியின் பெயர் சொர்க்கம். இடிக்க வரும் புல்டோசர்களை மறித்து நிற்பவர்கள் பெண்கள். ஐந்து சிறுமிகளின் நட்புதான் கதை. கண்ணீரைவிட கோபமும் குறும்பும் அதிகம்.

கன்னடத்தில் விவேக் ஷான்பாக் எழுதிய 'காச்சர் கோச்சர்' (2013) இதற்கு நேரெதிர். எறும்புகள் படையெடுக்கும் சின்ன வீட்டில் ஒட்டி வாழ்ந்த குடும்பம், மசாலா வியாபாரத்தில் பணம் சேர்ந்ததும் மாடி வீட்டுக்குப் போகிறது. வீடு பெரிதாகிறது, உறவு சிக்கலாகிறது. கூரை இருந்தும் வீடு பறிபோகலாம் என்கிறது இந்தக் குறுநாவல்.

ஜப்பானில் யூ மிரி 2014ல் எழுதி, மொழிபெயர்ப்பில் 2020ன் அமெரிக்க தேசியப் புத்தக விருது பெற்ற 'டோக்கியோ உவேனோ ஸ்டேஷன்' இன்னும் கடுமையானது. நாயகன் கஜு, சக்கரவர்த்தி அகிஹிதோ பிறந்த அதே 1933ல் ஃபுகுஷிமாவில் பிறந்தவர். 1964 ஒலிம்பிக்ஸ் கட்டுமான வேலைக்காக டோக்கியோ வந்தவர். மகனும் மனைவியும் இறந்தபின் உவேனோ பூங்காவில் தங்குகிறார். அரச குடும்பத்தினர் வரும் நாளில், கண்ணில் படாதபடி அங்கிருந்தும் கிளம்ப வேண்டும். கதையைச் சொல்வது செத்துப்போன கஜுவின் குரல்.

நகரத்தைக் கட்டியவருக்கே நகரத்தில் இடமில்லை: டோக்கியோவுக்கும் பெங்களூருக்கும் இது பொது. ஆனால் ஒரு வித்தியாசம். கஜு ஜப்பானிய மொழியில் பேசுகிறார். அவரது ஊர் வழக்கும் அதில் ஒலிக்கிறது. ஈஜிபுராவில் வீடிழந்தவர்களிடையே புழங்கியது தமிழ், கன்னடம், உருது. சொர்க்கத்தின் சிறுமிகளோ ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். தெருவில் நின்றவர்களில் எத்தனை பேர் அதைப் படித்து, இது நம் கதை என்று சொல்ல முடியும்?